இன்ஜின் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை: ஆங்கில உவமை ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி

கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடைக்கு மேல்மாடியில் சாயங்கால வகுப்பு எடுக்கிறேன். ஸ்போக்கன் இங்கிலீஷ். மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கமிருந்து சிங்கப்பூர் போகக் காத்திருக்கும் பையன்கள், வெளிநாட்டு நர்ஸ் வேலைக்குப் பரீட்சை எழுதும் பெண்கள், பெரிய கோயிலில் கைடாக நிற்க ஆசைப்படும் ஒரு பிள்ளை, ஒரு காபிக்கடை அண்ணன் என்று கலவையான கூட்டம்.

இவர்களுடைய இலக்கணத்தைவிட எனக்கு அதிகம் ரிப்பேர் வேலை வைப்பது வேறொன்று. 'கோ', 'கம்', 'டேக்' மாதிரி ஒரு சின்ன வினை. அதன் பின்னால் 'அப்', 'அவுட்', 'டவுன்', 'ஆஃப்' என்று ஒரு வால். இரண்டும் சேர்ந்தால் ஃபிரேசல் வெர்ப். அதற்கும் பின்னால் 'லைக்' போட்டு ஓர் உவமை. ஆங்கிலம் பேசுகிறவர்கள் வீட்டிலும் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் சாதாரணமாகப் பேசும்போது இந்த மூன்றையும் கோத்துக்கொண்டே போவார்கள். நம் ஆட்கள் கோக்கும்போது எங்கேயோ ஒழுகும்.

வாய்க்காலில் ஆயில் இன்ஜின் வைத்துத் தண்ணீர் இறைத்தவர்களுக்குத் தெரியும். இன்ஜின் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை என்றால் யாரும் எடுத்தவுடன் இன்ஜினைப் பிரிக்க மாட்டார்கள். குழாயைத் தூக்கி, அடிநுனியில் இருக்கும் ஃபுட்வால்வில் குச்சியோ பாசியோ சிக்கியிருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். ஆங்கிலத்தில் அந்த ஃபுட்வால்வு, வால். நான் பார்த்த பழுதில் முக்கால்வாசி அங்கேதான். அதனால் கீழே எந்த அறிகுறியாக இருந்தாலும் வாலில் தொடங்கி, செலவு பிடிக்கிற வேலைக்குக் கடைசியாகப் போகிறோம்.

## அறிகுறி: நீங்கள் சொல்லி முடித்ததும் எதிரில் இருப்பவர் விழிக்கிறார்

### வால் விழுந்துவிட்டதா?

ரூம்மேட்டைப் பற்றி ஒரு பையன் சொன்னான்: "ஹி வென்ட் லைக் எ லைட்." படுத்த நிமிஷமே அடித்துப்போட்ட மாதிரி தூங்கிவிட்டான் என்று சொல்ல வந்தான். கேட்பவருக்கோ, ஆள் வெளிச்ச வேகத்தில் எங்கேயோ போய்விட்டான் என்றுதான் தோன்றும். "ஹி வென்ட் அவுட் லைக் எ லைட்" என்று வாலை மாட்டியதும் சரியாகிவிட்டது. செலவே இல்லாத ரிப்பேர் இதுதான், அதனால் முதலில் இதைப் பாருங்கள்.

சோதனை எளிது. உவமையில் இருக்கும் பொருளையே கேளுங்கள்: "நீ என்ன செய்வாய்?" விளக்கு என்ன செய்யும்? அணையும். அணைவதற்கு ஆங்கிலத்தில் 'கோ அவுட்'. அப்படியானால் விளக்கு உவமைக்கு முன்னால் 'அவுட்' இருந்தே ஆக வேண்டும்.

இதைக் காட்ட நான் எப்போதும் செய்வது ஒன்று உண்டு. கரும்பலகை நடுவில் 'கோ' என்று எழுதி, அதிலிருந்து ஐந்து கோடு இழுப்பேன். ஒரு கோட்டின் நுனியில் 'அப்'. ஏறுவது எது? ராக்கெட். "கோ அப் லைக் எ ராக்கெட்." அடுத்த நுனியில் 'அவுட்', விளக்கு. அடுத்து 'ஆஃப்'. 'கோ ஆஃப்' என்றால் வெடிப்பது, ஆகவே வெடிகுண்டு. அடுத்து 'ஆன்'. நிறுத்தாமல் ஒன்றையே சொல்லிக்கொண்டிருப்பது எது? கீறல் விழுந்த ரெக்கார்டு. "ஹி கோஸ் ஆன் அண்ட் ஆன் லைக் எ ப்ரோக்கன் ரெக்கார்ட்." தமிழில் நாம் சொல்வதும் அதேதான், இது இலவசமாகக் கிடைத்தது. ஐந்தாவது 'டவுன்'. அங்கே ஈயத்தில் செய்த பலூன். "த ஜோக் வென்ட் டவுன் லைக் எ லெட் பலூன்" என்றால், சொன்ன ஜோக் எடுபடவில்லை, சபை கல்லாய் உட்கார்ந்திருந்தது. இது பிரிட்டிஷ் பழக்கம். அமெரிக்கர்கள் அதே பலூனுக்கு 'கோ ஓவர்' போடுவார்கள்.

வினை ஒன்றுதான், 'கோ'. உவமை ஐந்து. அவற்றைப் பிரித்தது வால். பலகையில் இந்த ஐந்து கோட்டையும் பார்த்த பிறகுதான் பலர் வாலை விடாமல் சொல்ல ஆரம்பிக்கிறார்கள். அதுவரை அது அவர்களுக்கு ஏதோ இனிஷியல் மாதிரி, எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி.

### வால் இருக்கிறது. உவமை வேறு பக்கம் இழுக்கிறதா?

வெற்றிலை விலை சரிந்த வாரத்தில் ஒருவர் "த ரேட் வென்ட் டவுன் லைக் எ ராக்கெட்" என்றார். வேகம் மட்டும் அவர் மனசில் இருந்திருக்கிறது. கேட்பவர் மனசில் ராக்கெட் மேலே போகிறது, விலை கீழே வருகிறது, நடுவில் அவர் நிற்கிறார். கீழே போவதற்குக் கல் போதும்: "வென்ட் டவுன் லைக் எ ஸ்டோன்."

இதற்குக் கையால் ஒரு சோதனை. வாலைச் சொல்லும்போது கையை அந்தப் பக்கம் காட்டுங்கள், உவமையைச் சொல்லும்போதும் காட்டுங்கள். இரண்டு தடவையும் கை ஒரே பக்கம் போனால் சரி. 'கிவ் அப்', 'கோ ஆஃப்' மாதிரி வாலில் திசையே இல்லாத வினைகளில் இந்தச் சோதனை வேலை செய்யாது. அங்கே மேலே சொன்ன கேள்விச் சோதனைதான்.

### இரண்டு வால் வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருக்கிறதா?

"மை ஃபாதர் கேம் டவுன் லைக் எ டன் ஆஃப் ப்ரிக்ஸ்" என்றாள் ஒரு பெண். அப்பா மாடிப்படியில் உருண்டுவிட்டாரோ என்று எனக்கே ஒரு நிமிஷம் பதறியது. அவள் சொல்ல வந்தது, அப்பா வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார் என்பது. அதற்கு "கேம் டவுன் ஆன் மீ" வேண்டும். ஒரு டன் செங்கல் யார் தலையிலாவது விழுந்தால்தான் அது திட்டு. யார் மேல் என்பதைச் சொல்வது அந்த 'ஆன்'.

இப்படி இரட்டை வால் வினைகள் நிறைய உண்டு. ஒன்றை விட்டால் அர்த்தம் வேறு ஆளிடம் போய்விடும். கூடவே இன்னொன்று: 'டேக் டு' என்ற வினையோடு வரும் வாத்து உவமையில் கடைசித் துண்டையும் விடக் கூடாது. "ஹி டுக் டு டிரைவிங் லைக் எ டக் டு வாட்டர்." 'லைக் எ டக்' என்று நிறுத்திவிட்டால், அறுவடை முடிந்த வயலில் மேயும் வாத்துக் கூட்டம் மாதிரி தத்தித் தத்தி வண்டி ஓட்டினான் என்று ஆகிவிடும். தண்ணீரில் இறங்கினால்தான் வாத்துக்குப் பெருமை.

### இதெல்லாம் சரி, இன்னும் விழிக்கிறாரா?

அப்படியானால் உவமையே நம் ஊர்ச் சரக்கு. இது கொஞ்சம் செலவுள்ள வேலை, மாற்றுச் சாமானைத் தேடிக் கற்க வேண்டும்.

மகாமகம் 2016-இல் நடந்தது, அடுத்தது 2028-இல். போன தடவைக் கூட்டத்தைப் பற்றி எழுதச் சொன்னேன். பஸ்ஸில் புளிமூட்டை மாதிரி அடைத்துக்கொண்டு வந்ததை ஒருவர் 'லைக் டாமரிண்ட் பேக்ஸ்' என்று எழுதியிருந்தார். ஆங்கிலக்காரர் புளிமூட்டை பார்த்ததில்லை. அவருக்கு மத்தி மீன்: "வி வேர் பேக்ட் இன் லைக் சார்டின்ஸ்." நாகப்பட்டினத்துப் பையன் ஒருவன், "வலையில மத்தி துள்ளிக்கிட்டுல்ல சார் கிடக்கும்?" என்று மடக்கினான். நியாயம். இது வலையில் இருக்கும் மத்தி இல்லை, தகர டின்னுக்குள் தலையும் வாலுமாக இடைவெளியே இல்லாமல் அடுக்கிய மத்தி. 'பேக்ட் இன்' என்பதில் இருக்கும் அந்த 'இன்' டின்னைத்தான் காட்டுகிறது.

பிரசவ வார்டு வாசலில் நடந்துகொண்டே இருந்த கணவனை "வாக்கிங் அரவுண்ட் லைக் எ டெலிவரி கேட்" என்று ஒரு நர்ஸம்மா சொன்னார். குட்டி போட்ட பூனையாம். கேட்டவருக்குக் கூரியர் கொண்டுவரும் பூனைதான் தெரிந்திருக்கும். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் கூண்டுப் புலி: "பேசிங் அப் அண்ட் டவுன் லைக் எ கேஜ்ட் டைகர்."

இந்த வரிசையில் என்னை அதிகம் பயமுறுத்துவது, இரண்டு மொழியிலும் ஒரே பொருள் இருந்து அர்த்தம் மட்டும் மாறுவது. "டேர்ன் அப் லைக் எ பேட் பென்னி." செல்லாக்காசு என்று உடனே மொழிபெயர்த்துவிடுவோம். நம் செல்லாக்காசு மதிப்பில்லாத ஆள். அவர்களுடைய செல்லாக்காசு, எத்தனை தடவை தள்ளிவிட்டாலும் திரும்ப நம் பைக்கே வந்து சேரும் ஆள். 'டேர்ன் அப்' என்றால் வந்து நிற்பது. வாலையும் வினையையும் பார்த்திருந்தால் இந்தத் தவறு வராது, காசை மட்டும் பார்த்தால் வரும்.

அப்படியே கொண்டுபோகக் கூடியவையும் உண்டு. மழைக்கு முளைத்த காளான் அங்கேயும் காளான்தான்: "ஸ்பிரிங் அப் லைக் மஷ்ரூம்ஸ்." நமுத்த பட்டாசும் உண்டு. "ஃபிஸில் அவுட் லைக் எ டேம்ப் ஸ்க்விப்" என்றால் புஸ்வாணமாய்ப் போனது. 'ஸ்க்விப்' என்பதை 'ஸ்க்விட்' என்று இங்கிலீஷ்காரர்களே தப்பாகச் சொல்வதுண்டு. அப்படிச் சொன்னால் ஈரமான கணவாய் மீன். கணவாய் காய்ந்திருந்தால்தானே சேதி?

எப்போது விட்டுவிடுவது: தமிழ் உவமைக்கு ஆங்கிலத்தில் சமமானது இருக்கிறதா என்று அரைமணி நேரம் தேடியும் கிடைக்காவிட்டால் தேடுவதை நிறுத்துங்கள். உவமை இல்லாமல் சொல்லுங்கள். "வெரி க்ரவுடெட்" என்று சொன்னதற்காக யாரும் மார்க் குறைத்ததில்லை.

## அறிகுறி: சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிக்கிறார்

முதலில் பார்க்க வேண்டியது, உங்கள் ஃபிரேசல் வெர்புக்கு இரண்டு அர்த்தம் இருக்கிறதா என்று. காபிக்கடை அண்ணன் ஒரு நாள் தாமதமாக வந்தார். காலையில் வாங்கிய பால் திரிந்துவிட்டதாம். நான் முந்தின வாரம்தான் பலகையில் ஐந்து கோடு போட்டிருந்தேன். அவர் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"த மில்க் வென்ட் ஆஃப் சார். லைக் எ பாம்."

வகுப்பு சிரித்து அடங்க ஐந்து நிமிஷம் ஆனது. வினை சரி, வால் சரி, பலகையில் எழுதியிருந்த உவமையும் சரி. தப்பு என்னுடையது. பிரிட்டிஷ் பேச்சில் பால் கெடுவதற்கும் 'கோ ஆஃப்'தான், குண்டு வெடிப்பதற்கும் 'கோ ஆஃப்'தான் என்று நான் சொல்லித் தரவில்லை. உவமை வந்து சேர்ந்ததும், எந்த அர்த்தம் அதற்குப் பொருந்துமோ அதை மட்டும் பிடித்து இழுத்துவிட்டது. பால் வெடித்தது. "அப்ப பாலுக்கு என்ன சொல்றது சார்?" என்றார். "பாலுக்கு உவமையே வேண்டாம்ணே. வென்ட் ஆஃப், முடிஞ்சுது" என்றேன். அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

அடுத்த காரணம், உவமையை ஏற்கெனவே விழுங்கிவிட்ட வினைகள். 'உல்ஃப் டவுன்' என்றால் ஓநாய் மாதிரி அள்ளி விழுங்குவது. வினைக்குள்ளேயே ஓநாய் இருக்கிறது. அதன்மேல் 'லைக் எ உல்ஃப்' என்று இன்னொரு ஓநாயை ஏற்றினால் சிரிப்பார்கள். 'க்ளாம் அப்' என்றால் சிப்பி மாதிரி வாயை மூடிக்கொள்வது. 'ஸ்க்விரல் அவே' அணில் மாதிரி பதுக்கி வைப்பது. 'சிக்கன் அவுட்' பயந்து பின்வாங்குவது. 'ராட் ஆன்' ('ராட்' என்றால் எலி) நாம் போட்டுக்கொடுப்பது என்கிறோமே, அது. 'போட்டு', 'கொடு' என்று தனித்தனியாகப் பார்த்தால் காட்டிக்கொடுப்பது எங்கே தெரிகிறது? ஃபிரேசல் வெர்ப் புரியவில்லை என்பவர்களிடம் நான் முதலில் இதைத்தான் கேட்பேன். நம் வாயிலும் அது தினமும் புழங்குகிறது.

சோதனை: வினையே ஒரு பிராணியின் பெயரா? அப்படியானால் 'லைக்'கை எடுத்துவிடுங்கள்.

## அறிகுறி: சிரிக்கவில்லை, முகம் சுருங்குகிறது

இது அபூர்வம். வந்தால் சேதம் அதிகம். கைடு வேலைக்குப் பழகிக்கொண்டிருந்த பிள்ளை, தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றிப் பேசிக் காட்டினாள். ராஜராஜன் காலத்தில் 1010-இல் கட்டி முடித்தது, விமானம் சுமார் 216 அடி என்று எல்லாம் சரியாகச் சொல்லிவிட்டு, ஊரில் எங்கிருந்து பார்த்தாலும் எடுப்பாகத் தெரியும் என்பதற்கு "இட் ஸ்டிக்ஸ் அவுட் லைக் எ சோர் தம்ப்" என்றாள். வீங்கிப் புண்ணான கட்டைவிரல் மாதிரி துருத்திக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். ஆயிரம் வருஷத்துக் கோயிலுக்கு இந்த மரியாதை.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. 'ஸ்டாண்ட் அவுட்' என்றால் எடுப்பாகத் தெரிவது, அது நல்ல வார்த்தை. இன்டர்நெட்டில் தேடியிருக்கிறாள். அதோடு அதிகம் ஒட்டி வந்த உவமை இந்தக் கட்டைவிரல்தான். உவமை சேர்ந்ததும் நல்ல வினையின் நிறம் மாறிவிட்டது. 'ஸ்டிக் அவுட்' என்றால் இன்னும் மோசம். கோபுரத்துக்குப் பக்கத்தில் பளபளவென்று நீலக் கண்ணாடி ஒட்டி ஒரு லாட்ஜ் கட்டினால், அதற்குச் சொல்லலாம்.

சரிபார்ப்பது இப்படி. உவமைப் பொருளை மட்டும் தனியாக எடுத்து, உங்கள் அப்பாவுக்கோ முதலாளிக்கோ அதைச் சொல்வீர்களா என்று கேட்டுப் பாருங்கள். புண்பட்ட கட்டைவிரல், தலை போன கோழி ('ரன் அரவுண்ட் லைக் எ ஹெட்லெஸ் சிக்கன்'), செல்லாக்காசு எல்லாம் இதில் மாட்டிக்கொள்ளும். சந்தேகமாக இருந்தால் உவமையை வெட்டிவிட்டு வினையை மட்டும் வையுங்கள். அவளும் கடைசியில் "இட் ஸ்டாண்ட்ஸ் அவுட் ஃப்ரம் எவ்ரிவேர் இன் டவுன்" என்று முடித்தாள். நன்றாகவே இருந்தது.

எப்போது ஆளைக் கேட்பது: மனிதர்களைப் பற்றி, கோயில் குளத்தைப் பற்றி, இறந்தவர்களைப் பற்றிப் பொதுவில் பேசப் போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். நல்ல லேர்னர்ஸ் டிக்‌ஷனரியில் இந்த மாதிரி தொடர்களுக்குப் பக்கத்தில் பேச்சுவழக்கா, வேடிக்கையா, மட்டமா என்று குறிப்பு இருக்கும். மொபைலில் வரும் பட்டியல்களில் பெரும்பாலும் இருக்காது.

## அறிகுறி: வாக்கியம் நடுவில் தட்டுகிறது

சொல்பவருக்கே ஏதோ இடிக்கிறது என்று தெரியும், எது என்று தெரியாது. காரணம் வரிசை. தமிழில் உவமை வினைக்கு முன்னால் வரும்: மாடு மாதிரி உழைக்கிறான். ஆங்கிலத்தில் வினை, வால் எல்லாம் முடிந்த பிறகு. அந்தப் பழக்கத்தில் சிலர் உவமையை நடுவில் செருகுவார்கள்: "வென்ட் லைக் எ லைட் அவுட்." வாலைத் தாண்டித்தான் 'லைக்' போக வேண்டும், அவ்வளவுதான்.

செயப்படுபொருள் வந்தால் இன்னொரு முடிச்சு. வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒருவர், கறிவேப்பிலை மாதிரி தூக்கி எறிந்துவிட்டார்கள் என்பதை "தே த்ரூ அவே மீ லைக் கறி லீவ்ஸ்" என்றார். கறிவேப்பிலையை முதலில் ஒதுக்கி வைப்போம். 'மீ', 'ஹிம்', 'இட்' மாதிரி குட்டிச் சொற்கள் வினைக்கும் வாலுக்கும் நடுவில்தான் உட்கார வேண்டும்: "தே த்ரூ மீ அவே." ஆள் பெயரோ பொருள் பெயரோ என்றால் நடுவிலும் வரலாம், வாலுக்குப் பின்னாலும் வரலாம். உவமை எப்போதும் கடைசியில்: "தே த்ரூ மீ அவே லைக் அன் ஓல்ட் ஷூ." கறிவேப்பிலைக்குப் பதில் பழைய செருப்பு வந்திருக்கிறது பாருங்கள். மணம் போனாலும் கருத்து தேறியது.

இந்த விதிக்கு அடங்காத வினைகள் உண்டு. 'லுக் ஆஃப்டர்', 'டேக் டு', 'ரன் இன்டு' போன்றவற்றைப் பிரிக்கவே கூடாது. எது பிரியும், எது பிரியாது என்பதற்குக் குறுக்குவழி எனக்குத் தெரிந்து இல்லை. டிக்‌ஷனரியில் 'சம்திங்' என்ற சொல்லை நடுவில் போட்டிருக்கிறார்களா, கடைசியில் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

வரிசை சரியாக இருந்தும் யார் யாருக்கு உவமை என்று குழம்பலாம். "ஹி லுக்ட் ஆஃப்டர் ஹிம் லைக் எ ஃபாதர்." அப்பா மாதிரி பார்த்துக்கொண்டாரா, அப்பாவைப் பார்த்துக்கொள்வது மாதிரியா? தமிழிலும் இதே குழப்பம் வரும். 'லைக் ஹிஸ் ஓன் சன்' என்று மாற்றிவிட்டால் தீர்ந்தது.

## அறிகுறி: 'லைக்'கா 'ஆஸ்'ஸா என்று நின்றுவிடுகிறீர்கள்

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நமக்கு 'மாதிரி' ஒன்றே எல்லா வேலையும் செய்கிறது, அதனால்தான் இந்தத் தடுமாற்றம். பின்னால் வருவது வெறும் பெயர்ச்சொல் என்றால் 'லைக்'. முழு வாக்கியம் என்றால் 'ஆஸ் இஃப்': ஒன்றுமே நடக்காத மாதிரி வந்து நின்றான், "ஹி டேர்ன்ட் அப் ஆஸ் இஃப் நத்திங் ஹேட் ஹேப்பன்ட்." பேச்சில் அங்கேயும் 'லைக்' போடுகிறார்கள், பரீட்சையில் வேண்டாம்.

வெறும் 'ஆஸ்' உவமையே இல்லை, அது பதவி. "ஐ ஃபில்ட் இன் ஆஸ் மேனேஜர்" என்றால் மேனேஜர் இல்லாதபோது அந்த நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தேன். 'லைக் எ மேனேஜர்' என்றால் மேனேஜர் மாதிரி நடந்துகொண்டேன். இன்டர்வியூவில் இந்த இரண்டையும் மாற்றிச் சொல்லி, பார்த்த வேலையையே இழந்த ஒருவரை எனக்குத் தெரியும். இரண்டு வருஷம் பொறுப்பு மேனேஜராக இருந்தவர், ஏதோ நாட்டாமை பண்ணிக்கொண்டிருந்ததாகச் சொல்லிவிட்டு வந்தார்.

## அறிகுறி: எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் பேச்சு கனக்கிறது

காரணம் அளவு. சாம்பாருக்குப் பெருங்காயம் மாதிரி, ஐந்து நிமிஷப் பேச்சுக்கு ஓர் உவமை போதும். உவமையெல்லாம் படித்து முடித்த வாரத்தில் எல்லாரும் ராக்கெட்டாக ஏறி, விளக்காக அணைந்து, செங்கல்லாக விழுவார்கள். அது தானாகவே அடங்கும், விட்டுவிடலாம்.

அடங்காதது இடம் தெரியாமல் போடுவது. கஜா புயல் 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது தென்னைகள் விழுந்ததை, நண்பருக்கு எழுதும் மெயிலில் "வென்ட் டவுன் லைக் நைன்பின்ஸ்" எனலாம். உருட்டிய பந்தில் வரிசையாகச் சாயும் ஒன்பது மரக்கட்டைகள், படம் பொருத்தம்தான். அதே மரங்களுக்கு இழப்பீடு கேட்கும் மனுவில் அது வரக் கூடாது. அங்கே எத்தனை மரம், எத்தனை வயது, எந்த சர்வே எண். மனு, வேலை விண்ணப்பம், விசாவுக்கான கடிதம் ஆகியவற்றை விஷயம் தெரிந்த ஒருவரிடம் காட்டித் திருத்தி வாங்குங்கள். அதற்குக் கொடுக்கும் காசு வீண் இல்லை.

ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு எழுதுகிறவர்கள் கேட்பார்கள்: உவமை போட்டால் மார்க் கூடுமா? பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிஷம். சொல்வளத்துக்குத் தனியாகப் பார்க்கிறார்கள். பேண்ட் 7-க்கு அவர்கள் எதிர்பார்ப்பதில் மரபுத்தொடர்கள் கொஞ்சம் புழங்க வேண்டும் என்று இருக்கிறது, அங்கங்கே பொருத்தமில்லாமல் போவதையும் பொறுத்துக்கொள்கிறார்கள். ஆகவே வாயில் தானாக வருகிற ஒன்றைச் சொல்லுங்கள். மனப்பாடம் பண்ணிக் கொண்டுபோன பத்தைக் கொட்டினால் அவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். எழுத்துத் தேர்வின் கட்டுரையில் செங்கல்லும் பலூனும் வேண்டவே வேண்டாம்.

## அறிகுறி: நீங்கள் பேசினால் சரி, அவர்கள் பேசினால் பிடிபடவில்லை

காது முதலில். 'வென்ட் அவுட்' என்று இரண்டு சொல்லாக யாரும் சொல்ல மாட்டார்கள். 'வென்டவுட்' என்று ஒரே மூச்சில் வரும். கவனித்தால் அழுத்தம் பெரும்பாலும் வாலில் விழுவது கேட்கும். 'லைக் எ லைட்' என்பதும் 'லைக்கலைட்' ஆகிவிடும். எல்லாச் சொல்லையும் பிடிக்கப் பார்க்காதீர்கள். அழுத்தி வரும் வாலையும் கடைசிப் பெயர்ச்சொல்லையும் பிடித்தால் போதும். சில நேரம் வினையே காணாமல் போயிருக்கும், "ஹி வாஸ் அவுட் லைக் எ லைட்" என்பது போல. அப்போதும் வால் இருக்கும்.

காதில் விழுந்தும் அர்த்தம் தவறினால் அது பெரிய வேலை, குறிப்பாக ஆஸ்பத்திரியில். நர்ஸ் தேர்வுக்குப் படிக்கும் பெண்களிடம் நான் நோயாளியாக நடிப்பேன். "மை ஆங்கிள் ப்ளூ அப் லைக் எ பலூன்" என்றேன் ஒரு தடவை. கணுக்கால் பலூன் மாதிரி வீங்கிவிட்டது. ஒரு பெண் முகம் வெளிறி, "வேர் இஸ் த ப்ளீடிங்?" என்றாள். 'ப்ளோ அப்' என்றால் வெடிப்பது என்றே படித்திருக்கிறாள். பலூனை முதலில் கேட்டிருக்கலாம். ஊதினால் அது என்ன செய்யும்? பெரிதாகும். காய்ச்சல் "கோயிங் அப் அண்ட் டவுன் லைக் எ யோயோ" என்று சொன்னபோது அவளே சரியாகப் பிடித்தாள், ஏறி இறங்குகிறது என்று.

இந்தச் சோதனைகள் எல்லாம் கை கொடுக்காத ஓர் இடம் இருக்கிறது. ஒரு நோயாளியின் மகன் வந்து, "டேட் வென்ட் அவுட் லைக் எ லைட் ஆஃப்டர் டின்னர்" என்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இதற்கு அர்த்தம், படுத்ததும் தூங்கிவிட்டார். ஆனால் சுயநினைவு தப்பியதற்கும் இதையே சொல்வார்கள். வால் ஒன்று, விளக்கு ஒன்று, டிக்‌ஷனரி பார்க்க நேரமும் இல்லை. ஊகிக்கக் கூடாது, சொன்னவரையே கேட்க வேண்டும். "டிட் ஹி ஃபால் அஸ்லீப், ஆர் டிட் ஹி பாஸ் அவுட்?" இந்த ஒரு கேள்வியை மட்டும் எல்லாரையும் எழுந்து நிற்கவைத்துச் சொல்லச் சொல்வேன், தடுக்காமல் வரும்வரை. கீழே கடையில் பாத்திரம் அடுக்கும் பையனுக்கே இப்போது அது மனப்பாடம்.